ஆண்டவரிடம் ஆயிரம் தரம், அக்காவிடம் ஒரு தரம்கூட இல்லை

கேள்வி:

ஐயா, எனக்கு 44 வயது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறேன். பீன்யாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சபைப் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன். 2013-ல் எங்கள் தெருவில் 20 பேரை வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்தினேன். மாதம் 5,000 ரூபாய், சீட்டு ஒரு லட்சம். பதினாலு மாதம் ஆனபோது, சீட்டு எடுத்த ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். "சீட்டு உடைந்துவிட்டது" என்று எல்லாரிடமும் சொன்னேன். எடுத்தவர்களிடம் பாக்கியை வசூலித்து, சத்தம் போட்டவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். கார்மென்ட்ஸில் வேலை பார்த்த ஒரு அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. கணவர் இல்லாதவர், ஒரு மகள். அவர் கட்டிய 70,000 ரூபாயை வீட்டு லீஸுக்குப் போட்டுவிட்டேன். மூன்று தடவை வந்து கேட்டார். மூன்றாவது தடவை, ஐந்து வயசு என் மகளை விட்டு "அப்பா வீட்ல இல்ல" என்று சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இப்போது கோலார் தங்கவயலில் இருக்கிறார் என்று கேள்வி. இது என் மனைவிக்குத் தெரியாது.

ஆண்டவரிடம் ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று 51-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். ஒவ்வொரு கன்வென்ஷன் கூட்டத்திலும் முன்னால் போய் முழங்கால் போடுகிறேன். ஆனாலும் ஆராதனையில் வாய்தான் பாடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. எதற்காக வாழ்கிறேன் என்றே தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால் இது சரியாகுமா?

— பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

44 வயதுக்காரரைத் தம்பி என்று கூப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 67. போதகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், வாரத்தில் மூன்று நாள் இதே ஊரில் உட்கார்ந்து ஜனங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. இருபது பேர், பதினாலு மாதம், எழுபதாயிரம். பதினோரு வருடத்துக்கு முந்தைய சீட்டுக் கணக்கு இவ்வளவு துல்லியமாக நினைவில் இருக்கிறதென்றால், அந்த நோட்டு இன்னும் உங்கள் வீட்டில் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லை, மனசிலாவது இருக்கிறது.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பதினாலு பேர் சீட்டு எடுத்துவிட்டார்கள், ஆறு பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் ஆறு மாதம் கட்ட வேண்டும், அதாவது ஆளுக்கு 30,000. ஓடிப்போனவரால் துண்டு விழுந்தது அந்த 30,000 மட்டும்தான். அதை எடுக்காத ஆறு பேர் தலையில் சமமாகப் போட்டிருந்தாலும் ஆளுக்கு 5,000 நட்டம். சீட்டு நடத்துகிறவர்தான் அதைத் தாங்க வேண்டும் என்பது தெரு வழக்கம், அது வேறு விஷயம். ஆக, அந்த அக்காவுக்கு 65,000-ஆவது கட்டாயம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சீட்டு உடைந்ததால் அவர் பணம் போகவில்லை தம்பி. இது உங்களுக்கு அன்றே தெரியும். "சீட்டு உடைந்துவிட்டது" என்ற வாக்கியத்தை நீங்கள் ஜெபத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த வாக்கியம் இருக்கிற வரைக்கும் உங்கள் பாவ அறிக்கையில் பாவம் செய்த ஆள் இல்லை, ஏதோ ஒரு விபத்து மட்டும்தான் இருக்கிறது.

இப்போது அந்தச் சங்கீதம். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்ற வரியை எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு மனிதனைப் பார்க்கப் போகாமல் இருப்பதற்காக. அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். அடுத்தவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட விஷயத்துக்குப் பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது தாவீது ராஜா பாடினது. தாவீது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது? அவள் கணவன் உரியாவிடம். உரியா செத்துப்போய்விட்டான், சாகடித்தவரே தாவீதுதான். போய்த் தட்டுவதற்கு அவருக்கு ஒரு கதவு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. மாரிகுப்பம் ரயிலில் ஏறினால் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அந்தக் கதவுக்குப் போய்விடலாம். தங்கவயலில் 2001-ல் சுரங்கத்தை மூடினதிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினம் வேலைக்காக வந்துபோகிற பாதைதான் அது. உங்கள் அக்காவும் அப்படித்தான் கார்மென்ட்ஸுக்கு வந்து சேர்ந்திருப்பார்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. பணக்காரன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின கதையை நாத்தான் சொன்னதும், யாரைப் பற்றிய கதை என்று தெரியாமலே தாவீது கோபத்தில் தீர்ப்புச் சொல்கிறார்: அவன் சாக வேண்டும், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, திரும்பச் செலுத்த வேண்டும். அதே "நாலத்தனை"தான் புதிய ஏற்பாட்டில் வரி வசூலித்த சகேயு வாயிலும் வருகிறது. யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். சகேயு அழுதார் என்று லூக்கா எழுதவில்லை. முழங்கால் போட்டதாகவும் எழுதவில்லை. நின்றுகொண்டு, பணம் எவ்வளவு, யாருக்கு என்று சொன்னார். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான்.

நம் தமிழ் வேதாகமத்தில் மனந்திரும்புதல் என்று ஒரு சொல் இருக்கிறது. (கத்தோலிக்கர்கள் மனமாற்றம் என்பார்கள்.) மேடையில் கேட்டுக் கேட்டு அது நம் காதில் விழாமலே போய்விட்டது. ஒரு நிமிடம் பிரசங்கத்தை மறந்துவிட்டு, வீட்டில் பேசுகிற தமிழில் அதைச் சொல்லிப் பாருங்கள். ஆள் வீடு திரும்புகிறான். கடனைத் திருப்பித் தருகிறான். திரும்புவதும் திருப்புவதும் ஒரே வேர். பழைய ஏற்பாட்டின் எபிரெயத்திலும் இப்படித்தான்: ஷூவ் என்றால் திரும்பு. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், அயலானை ஏமாற்றினவன் எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வருகிற இடத்தில் இருப்பதும் அதே சொல்லின் இன்னொரு வடிவம். தீர்க்கதரிசிகள் "கர்த்தரிடத்தில் திரும்புங்கள்" என்று கூப்பிட்ட சொல்லும், சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்கிற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உங்கள் மனம் திரும்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எழுபதாயிரம் இன்னும் திரும்பவில்லையே.

அழுகையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேதத்தில் அழுகைக்கு வேறு பெயர் இருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றி மத்தேயு 27-ல் "மனஸ்தாபப்பட்டு" என்று போட்டிருக்கிறது, மனந்திரும்பி என்று இல்லை. கிரேக்கத்திலும் இரண்டும் வேறு வேறு சொல். யூதாஸும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தானே என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோனான். யாரிடம்? தனக்குக் கூலி கொடுத்த ஆசாரியர்களிடம். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தான் யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் அவன் போகவே இல்லை. நீங்கள் ஒவ்வொரு கன்வென்ஷனிலும் காணிக்கைப் பையில் போடுகிற நோட்டுகளைப் பற்றியும் எனக்கு இதே கவலைதான். கூடுதலாகவே போடுவீர்கள் என்று தெரியும். இந்த மாதிரி ஆட்கள் கூடுதலாகப் போடுவார்கள், நானும் சபைக்கணக்கு பார்த்தவன்.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில், குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தெழுந்தபின் இயேசு அவரைக் கடற்கரையில் சந்திக்கும்போது அங்கேயும் ஒரு கரிநெருப்பு இருந்தது என்று யோவான் எழுதியிருக்கிறார். அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறும்போது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று தடவை இல்லை என்றவரிடம் மூன்று தடவை கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு வேலை: என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக. "எதற்காக வாழ்கிறேன்" என்ற கேள்விக்குப் பேதுருவுக்குப் பதில் கிடைத்தது, சறுக்கி விழுந்த இடத்து வாசனை அடிக்கிற இடத்தில். உங்கள் வீட்டு வாசலுக்கு அக்கா வந்ததும் மூன்று தடவை.

இனி ஆராதனை. வாய் பாடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்கிறீர்கள். இதை ஒரு நோய் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது ஆரோக்கியமாகத்தான் படுகிறது. உள்ளே ஒன்றும் குத்தாமல் இருபது வருடம் பாடிக்கொண்டிருந்தால்தான் நான் பயப்படுவேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று மத்தேயு 5-ல் இயேசு சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடந்து போக நாட்கணக்காகும். பாதி வேலையில் நிறுத்திவிட்டு அவ்வளவு தூரம் திரும்பிப் போகச் சொல்கிறவர் அவர். நினைவு வருகிற இடம் எது என்பதையும் பாருங்கள். பலிபீடத்துக்கு முன்னால்தான். உங்களுக்கும் அங்கேதான் வருகிறது.

உங்கள் சபை எது என்று எழுதவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாகி, 1950-ல் அமைத்துக்கொண்ட திருவிருந்து முறைமையில், காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற கட்டம் ஒன்று வரும். பீடத்திலிருந்து கைக்குக் கை வாழ்த்து இறங்கி வரும், சீரியத் திருச்சபையிலிருந்து எடுத்த பழக்கம். அதை அங்கே வைத்ததற்குக் காரணம் இந்த மத்தேயு வசனம்தான். நாமோ பக்கத்துப் பெஞ்சுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையில் சில்லறை தேடுகிறோம்.

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. முப்பத்தெட்டு வயதில் ஒரு சபையில் இருந்தபோது, கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மூப்பரைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் தப்பாகப் பேசிவிட்டேன். கட்டிடக் கணக்கில் அவர் கை வைத்ததாக. அவர் வைக்கவில்லை என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், குரல் தழுதழுக்க, "நான் யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்த யாரையாவது யாரு?"

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே சொன்னேன். கேட்டுக்கொண்டார், குழாயை மூடினார், "சரி, போங்க" என்றார். அவ்வளவுதான். அணைத்துக்கொள்ளவில்லை, காப்பி வரவில்லை. அடுத்த கமிட்டியில், அதே பத்துப் பேர் முன்னால், பெயரைச் சொல்லித் திருத்தினேன். நான் அந்தச் சபையை விட்டு மாறுகிற வரைக்கும் அவர் என்னோடு சகஜமாகப் பேசவே இல்லை. ஆனால் அடுத்த திருவிருந்தில் அப்பத்தைக் கையில் எடுத்தபோது, பல மாதத்துக்குப் பிறகு, வாசிக்கிற வார்த்தை என் காதில் விழுந்தது.

அதனால் அக்கா மன்னிப்பார், கட்டிப்பிடித்து அழுவார் என்றெல்லாம் நான் உத்தரவாதம் தரமாட்டேன். கதவைச் சாத்தலாம். தெரு கூடும்படி சத்தம் போடலாம். அன்று போடாத சத்தம் அவருக்குப் பாக்கி இருக்கிறது, போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் இத்தனை வருடம் குடியிருந்த வீட்டின் லீஸில் அந்தப் பணம் கிடந்திருக்கிறது, அவருக்குத் தெரியும் உரிமை உண்டு. கோபப்படுவார். சேமிப்பை எடுக்க வேண்டியிருக்கும் என்பதாலும் அவர் சம்மதம் வேண்டும். அப்புறம் உங்கள் மகள். இப்போது 16 வயதிருக்கும். "அப்பா வீட்ல இல்ல" என்று சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வயதில் வாசலில் நின்று பொய் சொன்னதைச் சில பிள்ளைகள் சாகும்வரை மறப்பதில்லை. அவளிடமும், "அன்றைக்கு உன்னைப் பொய் சொல்ல வைத்தேன், அது என் தப்பு" என்று ஒரு வரி சொல்லுங்கள். இந்த இடத்தை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு எழுபதாயிரத்தைவிட அது கனமாகத் தெரிந்தது.

எவ்வளவு கொடுப்பது? லேவியராகமக் கணக்கு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. அதாவது 70,000-க்கு 14,000, மொத்தம் 84,000. ஆனால் வேத வசனத்தைக் காட்டிக் குறைத்துக் கொடுக்கிற சாமர்த்தியம் வேண்டாம். பதினோரு வருடம் ஏழு சதவீத வட்டியில் வங்கியில் கிடந்திருந்தாலே ஏறக்குறைய 1,47,000 ஆகியிருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். சகேயு அளவுக்குப் போவதா என்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில். ஒரே தடவையாகக் கொடுக்க முடியாவிட்டால், பெரும்பகுதியைக் கையில் கொண்டுபோய், மீதிக்குத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாய்வார்த்தையாக ஒரு தவணையும் சொல்லாதீர்கள், உங்கள் வாய்வார்த்தையை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம் என்பதால் உங்களுக்குப் பயம் இருந்தால், ஒரு வக்கீலிடம் ஒரு தடவை பேசிக்கொள்ளுங்கள். ஆனால் அதையே சாக்காக வைத்து இன்னும் ஒரு வருடம் தள்ளாதீர்கள்.

வாசலில் என்ன சொல்வது? எவ்வளவு குறைவாகப் பேசுகிறீர்களோ அவ்வளவு நல்லது. "அக்கா, சீட்டு உடைந்து உங்கள் பணம் போகவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன். இது உங்கள் பணம்." இதற்குமேல் என் குடும்பக் கஷ்டம், அப்போதைய சூழ்நிலை என்று ஆரம்பித்தால் மறுபடியும் பழைய சீட்டு உடைய ஆரம்பிக்கும். "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று அவர் வாசலில் சொல்லவே கூடாது. அவர் இன்னும் மன்னிக்காதபோது அது அவர் வாயை அடைக்கிற பேச்சு. ஜெபம் பண்ணலாமா என்றும் கேட்காதீர்கள். அவரே கேட்டால் பண்ணுங்கள். தனியாக இருக்கிற பெண் வீட்டுக்குத் திடுதிப்பென்று போய் நிற்காமல், தெரிந்த ஒரு பெண் மூலம் முதலில் சொல்லியனுப்புங்கள். மனைவி கூட வரச் சம்மதித்தால் இன்னும் நல்லது.

பிறகு உங்கள் போதகரிடம் சொல்லி, கொஞ்ச காலம் பாடகர் குழுவிலிருந்து இறங்கிப் பெஞ்சில் உட்காருவதா என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கன்வென்ஷன் மேடையில் இதைச் சாட்சியாகச் சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். அந்த அக்காவின் வறுமை உங்கள் சாட்சிக்கு அலங்காரம் ஆகிவிடக் கூடாது.

வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாருக்கும் இதே மருந்து இல்லை. பிறர் தங்களுக்குச் செய்த கொடுமைக்காக, தாங்களே பாவி என்று அழுதுகொண்டு வருகிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் மனந்திரும்ப வேண்டியதில்லை, எவன் வாசலுக்கும் போக வேண்டியதில்லை. போனால் அடுத்தவர் குடும்பம்தான் உடையும் என்கிற விஷயங்களும் உண்டு, அங்கே போகும் முன் யாரிடமாவது பேசுங்கள். தம்பியின் விஷயம் அப்படி இல்லை.

மூன்று மணி விழிப்பைப் பற்றி. குற்றவுணர்வு தூக்கத்தைக் கெடுக்கும், வாஸ்தவம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதற்காக வாழ்கிறேன் என்ற நினைப்பு ஓயாமல் வருகிறது என்றால் மருத்துவரையும் பாருங்கள். நம் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே போவது அவிசுவாசம் ஆகாது. வாழவே வேண்டாம் என்கிற அளவுக்கு நினைப்பு போனால், தங்கவயலுக்கு முன்னால் அங்கே போங்கள்.

கடைசியாக முழுநேர ஊழியம். வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் யோவான்ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்றார். மனந்திரும்புதலுக்கேற்ற கனி அவர்களுக்கு வசூல் மேசையில்தான் காய்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் பீன்யாவில்தான். ஜெர்மனியில் லூத்தர் என்ற துறவி 1517 அக்டோபர் 31-ல் 95 வாக்கியங்களை வெளியிட்டாரே, அதுவும் ஒரு சீட்டுத் தகராறுதான், பாவமன்னிப்புச் சீட்டு. காசு கொடுத்தால் பாவம் தீரும் என்று விற்றதை எதிர்த்து அவர் எழுதின முதல் வாக்கியமே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். நீங்கள் வேலையைக் காணிக்கையாகப் போட்டு வாங்கப் பார்ப்பதும் அந்த மாதிரி ஒரு சீட்டோ என்று யோசித்துப் பாருங்கள். அக்காவுக்கு மாதத் தவணை கொடுக்கவும் சம்பளம் வேண்டுமே.

ஏசாயா தீர்க்கதரிசிக்கும் வரிசை இப்படித்தான் வந்தது. ஆலயத்தில் கர்த்தருடைய மகிமையைப் பார்த்தார். "ஐயோ, அதமானேன், நான் அசுத்த உதடுள்ள மனுஷன்" என்றார். பலிபீடத்து நெருப்புத்தழல் உதட்டைத் தொட்டது. அதற்கப்புறம்தான் "யாரை அனுப்புவேன்" என்ற சத்தம் காதில் விழுந்தது. தழல் உதட்டில் படும்போது எரிந்திருக்கும். நீங்கள் பாடுகிறவர், உதடு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 51-ஆம் சங்கீதத்தையும் இனி நாலாம் வசனத்தோடு நிறுத்தாமல் முழுக்க வாசியுங்கள். பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன் என்பதும், என் உதடுகளைத் திறந்தருளும், என் வாய் உம்முடைய புகழை அறிவிக்கும் என்பதும் அதற்குக் கீழேதான் வருகின்றன.

உங்களுக்கு என்ன அழைப்பு என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனித்தேன். கணக்குத் தெரியாத பெண்கள் சீட்டில் எந்த இடத்தில் ஏமாறுவார்கள் என்பது உங்கள் தெருவிலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதைத் தங்கவயல் போய்வந்த பிறகு பேசுவோம். எழுதுங்கள்.

போகும்போது அந்தப் பழைய நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடமும் மாதாமாதம் நீங்கள் கையெழுத்துப் போட்ட அட்டை இருக்கும், இந்த மாதிரி ஆட்கள் அதைத் தூக்கிப்போட மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால், அவர் அட்டையில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.